செவியில் தொடங்கும் படிப்பு

அன்பிற்குரிய தாய்மார்களே, தந்தையர்களே, ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளை ஏற்று நடத்தும் உபாத்தியாயப் பெருமக்களே,

கோடை விடுமுறை கழிந்து பள்ளிக்கூடங்கள் திறக்கும் ஜூன் மாதத்தில், ஐந்து வயது நிரம்பிய தம் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வந்து ஒன்றாம் வகுப்பின் வாயிலில் விட்டுச் செல்லும் பெற்றோர் அனைவருடைய நெஞ்சிலும், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி, ஒரே ஆசைதான் குடிகொண்டிருக்கிறது. பிள்ளை நாலெழுத்துப் படித்துவிட வேண்டும் என்பதே அது. அந்த ஆசை நிறைவேற வீட்டார் செய்ய வேண்டியது யாது, பள்ளியார் செய்ய வேண்டியது யாது, இருவருமே செய்யாமல் விட வேண்டியது யாது என்பவற்றைக் குறித்து, ஆரம்பப் பாடசாலைகளின் கீழ்வகுப்புகளில் நெடுங்காலம் உழைத்தவன் என்னும் உரிமையை மட்டும் முன்னிட்டு, என் அபிப்பிராயங்களை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளையொன்று பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை தங்குதடையின்றிச் சொல்லக் கேட்டு மகிழாத பெற்றோர் இல்லை. ஆயினும் அந்தப் பாடத்தின் நடுவில் உள்ள ஏதேனும் ஒரு சொல்லின்மீது விரலை வைத்து, ‘இது என்ன சொல்?’ என்று கேட்டால், அந்தப் பிள்ளை பாடத்தை மறுபடியும் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தை அடைய முயல்வதையோ, விரல் ஒரு வரியிலும் வாய் வேறொரு வரியிலுமாக இருப்பதையோ பல சமயங்களில் காணலாம். அந்தக் குழந்தை படிக்கவில்லை. பிறர் படிக்கக் கேட்டதை மனத்தில் இருத்தி ஒப்பிக்கிறது. அதன் ஞாபகசக்தி போற்றத்தக்கதே. ஆனால் அறியாத ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தால் அந்த ஞாபகம் அதற்குக் கைகொடுக்காது. நான்காம் வகுப்பிலிருந்து கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் எல்லாமே படித்து அறிய வேண்டிய விஷயங்களாகிவிடுவதால், படிக்கத் தெரியாமலே அந்த வகுப்பின் வாசலுக்கு வந்துவிட்ட பிள்ளை மற்ற எல்லாப் பாடங்களையும் ஒருசேர இழக்கத் தொடங்குகிறது. இது குழந்தையின் குற்றமன்று. அதற்குப் படிப்பு வந்த வழியில் ஏதோ ஒரு படி விடுபட்டிருக்கிறது. அந்தப் படி கண்ணுக்குரியதன்று, செவிக்குரியது என்பதே நான் இம்மடலில் வற்புறுத்த விரும்பும் செய்தி.

பேச்சு மனிதக் குழந்தைக்கு இயற்கையாக வருவது. பேசுவோர் நடுவில் வளரும் குழந்தை, யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தாமலே, மூன்று வயதுக்குள் வினைமுற்றும் வேற்றுமை உருபும் தவறாமல் பேசக் கற்றுக்கொள்கிறது. படிப்பு அத்தகையதன்று. எழுத்து என்பது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதன் கண்ட செயற்கை உபாயம் ஆதலால், அதற்கென்று பிறவியிலேயே அமைந்த இடம் எதுவும் மூளையில் இல்லை; உருவங்களைக் காணும் பகுதியையும் பேச்சொலியைப் பகுக்கும் பகுதியையும் ஒவ்வொரு குழந்தையும் புதிதாக இணைத்துக்கொண்டாக வேண்டும். கண்ட உருவத்தை ஒலியாக மாற்றும் திறமை ஒன்று; அவ்வாறு எழுந்த ஒலியைத் தனக்குத் தெரிந்த சொல்லாகவும் பொருளாகவும் உணரும் திறமை மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் படிப்பு நிகழ்வதில்லை. நம்முடைய வழக்கமான போதனையோ, முதல் திறமையின் ஒரு பாதியாகிய எழுத்துருவங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றவை எல்லாம் தாமாக வந்து சேரும் என்று நம்பிக் காத்திருக்கிறது.

தமிழ் நெடுங்கணக்கைச் சற்று நோக்குவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனக் கூட்டி 247 எழுத்துகள் என்று சொல்லும்போது கேட்பவர் மனம் மலைக்கிறது. ஆனால் அந்த 216-ம் தனித்தனி எழுத்துகளல்ல. பதினெட்டு உருவங்களும் அவற்றோடு சேரும் சில குறிகளுமே அவை. மெய்யின் தலையில் புள்ளியிட்டு உயிரற்ற ஒலியைக் காட்டியதும், அந்தப் புள்ளி நீங்கினால் அகரம் ஏறும் என்று விதித்ததும் நம் முன்னோரின் கூர்ந்த ஒலியறிவுக்குச் சான்றாகும். இந்த ஒழுங்கு குழந்தைக்குப் புலப்படுமானால் பாரத்தில் பெரும்பங்கு குறைந்துவிடும். சுவரில் தொங்கும் அட்டவணையைக் கோலால் தொட்டுத் தொட்டு, ககர வரிசை தொடங்கி னகர வரிசை முடிய எல்லோரும் சேர்ந்து ராகமிட்டுச் சொல்வதால் அது புலப்படுவதில்லை. அந்த ராகமும் கிரமமுமே மனத்தில் பதிகின்றன. ‘ஙகர’ வரிசையை எண்ணிப் பாருங்கள். சங்கு, பங்கு, தங்கம் முதலிய எத்தனையோ சொற்களில் மெய்யாக வரும் அவ்வெழுத்து, ‘அங்ஙனம்’ ‘இங்ஙனம்’ போன்ற சில சொற்களில் மட்டுமே உயிரேறி வருகிறது. எஞ்சிய உருவங்களைக் குழந்தை தன் ஆயுளில் எந்தப் புத்தகத்திலும் சந்திக்கப் போவதில்லை. இருந்தும் மகர வரிசைக்கும் ஙகர வரிசைக்கும் ஒரே காலத்தையும் ஒரே முயற்சியையும் செலவிடுகிறோம்.

உண்மையில் கவனம் செலுத்த வேண்டிய கடினமான இடங்கள் வேறு. எகர ஏகார ஐகாரக் குறிகள் எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிக்கின்றன. ‘கொ’ ‘கோ’ ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகவே ஒலியைத் தேடிச் செல்லப் பழகும் குழந்தை, ‘கேணி’ என்ற சொல்லின் முதற்குறியைக் கண்டு திகைப்பது இயல்பே. உகர ஊகாரங்களோ மெய்க்கு ஓர் உருவமாக மாறுகின்றன. கு, சு, டு, து, பு, மு என்பவற்றை ஒரே விதியால் விளக்க முடியாது, ஒவ்வொன்றையும் தனியே பழக்கித்தான் ஆகவேண்டும். ணா, றா, னா என்பவற்றுக்கும் லை, னை முதலியவற்றுக்கும் முன்பு தனித்தனி உருவங்கள் இருந்து பிள்ளைகளை வருத்தின. பெரியார் 1935 முதல் தம்முடைய ‘குடிஅரசு’ ஏட்டில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-ல் ஏற்றுக்கொண்டபோது அத்தகைய பதின்மூன்று எழுத்துகளின் சுமை பாலர்களின் தலையிலிருந்து இறங்கிற்று. எஞ்சியிருக்கும் சுமையை இறக்குவது போதனாமுறையின் பொறுப்பாகும். எழுதுவதற்கும் அடையாளம் காண்பதற்கும் எளியவையான ட, ப, ம போன்றவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, அவற்றைக் கற்ற அன்றைக்கே ‘படம்’ ‘பட்டம்’ ‘மடம்’ என்று சொல்லாக்கிப் படிக்கச் செய்தால், எழுத்து எதற்காக இருக்கிறது என்பது குழந்தைக்கு முதல் வாரத்திலேயே விளங்கிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் எழுந்த அறிவொளி இயக்கம் வளர்ந்தோருக்குப் பாடம் தொடங்கியபோது அகர வரிசையை ஒதுக்கிவைத்து, உழைக்கும் மக்களின் வாழ்வோடு ஒட்டிய ‘பட்டா’ என்ற சொல்லிலிருந்து தொடங்கியது இந்தத் தத்துவத்தை ஒட்டியே.

இனிச் செவிக்கு வருகிறேன். ‘பட்டம்’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டுமானால், அச்சொல் பல ஒலிகளால் ஆகியது என்பதைக் குழந்தை முதலில் காதால் உணர்ந்திருக்க வேண்டும். பெரியவர்களாகிய நமக்கு இது வெளிப்படை. குழந்தைக்கோ ‘பட்டம்’ என்பது வானத்தில் பறக்கும் ஒரு பொருளின் பெயர், பிரிக்கக்கூடிய ஒன்றன்று. இந்த உணர்வை ஊட்டுவதற்குப் பலகையும் எழுதுகோலும் வேண்டியதில்லை. நம்முடைய மொழி மரபு முழுவதுமே அதற்கான அப்பியாசமாக அமைந்திருக்கிறது. அடிதோறும் முதலெழுத்து ஒன்றிவர அமைக்கும் மோனையும், இரண்டாமெழுத்து ஒன்றிவர அமைக்கும் எதுகையும் புலவர்களின் அலங்காரம் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. அவற்றைக் கேட்டு ரசிக்கும் குழந்தையின் செவி, சொல்லின் முதல் ஒலியையும் அடுத்த ஒலியையும் தனித்தனியே பிரித்தறியப் பழகுகிறது. ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் ஒவ்வோர் எழுத்தையும் முதலாகக் கொண்டு செல்வதும், குறிலுக்கு ஒன்று நெடிலுக்கு இரண்டு மெய்க்கு அரை எனத் தொல்காப்பியர் மாத்திரை வகுத்து, அதனைக் கண்ணிமைக்கும் பொழுதாலும் விரல் நொடிக்கும் பொழுதாலும் அளந்ததும், எழுத்து என்பது முதன்மையாக ஒலியே என்று இம்மொழியினர் கருதியதைக் காட்டுகின்றன. ‘கல்’ என்பதற்கும் ‘கால்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை விரல் நொடித்தும் கைதட்டியும் விளையாட்டாகக் காட்டிய வகுப்பில், துணைக்காலின் பயனைப் பிறகு விளக்க நேர்வதே இல்லை.

ஆகவே எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் பாட்டிமார்களும், ‘எங்களுக்கு என்ன தெரியும், எல்லாம் டீச்சர் பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒதுங்கிவிட வேண்டாம் என மிகவும் வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். படிப்பின் முதற்பாதி உங்கள் கையில் இருக்கிறது. அரிசியில் கல் பொறுக்கும்போதும், பூத்தொடுக்கும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும், ‘ம’வில் தொடங்கும் பெயர்களைச் சொல் என்று குழந்தையைக் கேளுங்கள்; நீங்கள் சொன்ன சொல் எந்த ஒலியில் முடிந்ததோ அந்த ஒலியில் தொடங்கும் சொல்லை அது சொல்லட்டும்; ‘மரம்’ என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று கேளுங்கள். விடுகதை போடுங்கள், நாவைப் புரட்டும் சொல்லடுக்குகளை வேகமாகச் சொல்லச் சொல்லிச் சேர்ந்து சிரியுங்கள். நகர னகர ணகர வேற்றுமையும் லகர ளகர ழகர வேற்றுமையும் காதில் முதலில் தெளிந்தாலன்றிப் பின்னர் எத்தனை முறை எழுதவைத்தாலும் எழுத்துப் பிழை நீங்குவதில்லை. பாட்டியின் தாலாட்டும் தாத்தாவின் கதையும் குழந்தையைத் தூங்கவைப்பதோடு நின்றுவிடுவதில்லை. முதல் வகுப்பு உபாத்தியாயர் நிலைநாட்டப் போகும் அஸ்திவாரத்தை அவை முன்னதாகவே போட்டுவைக்கின்றன.

அடுத்து நான் சொல்லப் போவது தமிழ்க் குழந்தைக்கே உரிய ஓர் இடர்ப்பாடு. இ என்ற எழுத்துக்கு எதிரே இலையின் படத்தையும், உ என்ற எழுத்துக்கு எதிரே உரலின் படத்தையும் அச்சிட்ட அரிச்சுவடியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வீட்டில் குழந்தை கேட்டதும் சொன்னதும் ‘எல’, ‘ஒரல்’. விறகு ‘வெறகு’ ஆகிறது, குடை ‘கொடெ’ ஆகிறது, வந்தான் என்பதன் ஈற்று மெய் மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. இந்த மாற்றங்கள் கல்லாமையால் நேர்ந்தவையல்ல. பேச்சுத் தமிழுக்கென்று உள்ள ஒழுங்கான விதிகளின்படி நேர்ந்தவை. ஆனால் குழந்தையின் நிலையில் நின்று பாருங்கள்: படத்தில் இருப்பது எலையாக இருக்க, அதற்கு இ எப்படி வந்தது? தன் காதை நம்பிப் பதில் சொன்ன குழந்தை அதட்டப்படுகிறது. அதட்டப்பட்ட குழந்தை இனிமேல் காதை நம்பாமல், உபாத்தியாயரின் வாயைப் பார்த்து அவர் சொல்வதையே திருப்பிச் சொல்லிவிடுவது பத்திரமானது என்ற தீர்மானத்துக்கு வருகிறது. முன்னே குறிப்பிட்ட ஒப்பித்தல் என்னும் நோய் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது என்பது என் துணிபு.

இதற்குப் பரிகாரம், குழந்தையின் வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று தள்ளுவதில் இல்லை. ‘நீ எல என்று சொல்வதைப் புத்தகத்தில் இலை என்று எழுதுவார்கள்’ என்று சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினால் போதும்; குழந்தைகள் இதனை வியக்கத்தக்க விரைவில் ஏற்றுக்கொள்கின்றன. கொங்கு நாட்டுப் பேச்சு, நெல்லைப் பேச்சு, சென்னைப் பேச்சு எதுவாயினும் இதே மரியாதைக்கு உரியதே. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ சௌராஷ்டிரமோ படகமோ பேசும் குழந்தைகளும், பிழைப்புத் தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் குழந்தைகளும் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள்; அவர்களுக்கு எழுத்துக்கு முன்னால் தமிழ்ப் பேச்சே சில மாதங்கள் வேண்டும், அதற்கு இடங்கொடாமல் எழுத்தட்டையை நீட்டுவது அநீதி. புத்தகத்தின் மொழி குழந்தைக்குச் செவிவழி பழக்கமாவதற்கு ஒரே ராஜபாட்டை, பெரியவர்கள் நாள்தோறும் அதற்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவதுதான். ‘வந்தான்’ ‘சென்றாள்’ ‘அங்கே ஒரு காடு இருந்தது’ என்னும் நடையை நூறு கதைகளில் கேட்ட குழந்தை, அதை அச்சில் சந்திக்கும்போது அந்நியரைக் கண்டதுபோல் மருளுவதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. தமிழில் ககரம் ‘கல்’லில் ஒருவிதமாகவும் ‘பகல்’ என்பதில் வேறுவிதமாகவும் ‘தங்கம்’ என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது; எழுத்துக் கூட்டும் குழந்தை வல்லோசையோடு ‘ப-க-ல்’ என்று தட்டுத்தடுமாறி வந்தாலும், பகல் என்ற சொல்லை முன்பே அறிந்திருந்தால், உடனே தன் உச்சாரணத்தைத் திருத்திக்கொள்ளும். அறியாத சொல்லை எழுத்துக் கூட்டிய பிள்ளைக்குத் தான் சரியாகப் படித்தோமா என்பதை அறிய வழியே இல்லை. சொல்வளம் இருக்கும் இடத்திலேயே எழுத்தறிவு நிலைக்கிறது.

படித்துக் காட்டுவதற்கு விசேஷமான பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. வேலையிலிருந்து இரவில் களைத்துத் திரும்பும் தந்தையும் பத்து நிமிஷம் ஒதுக்கலாம். குழந்தையை மடியிலோ பக்கத்திலோ இருத்தி, புத்தகத்தின் பக்கம் அதன் கண்ணுக்குத் தெரியும்படி பிடித்து, படிக்கும் சொல்லின் அடியில் விரலை மெல்ல ஓட்டிக்கொண்டே படியுங்கள். பேச்சு இந்தக் கோடுகளிலிருந்துதான் வருகிறது என்னும் பேருண்மையை வேறெந்த உபதேசமும் அவ்வளவு தெளிவாகப் புகட்டாது. கேட்ட கதையையே மறுபடியும் கேட்பது குழந்தையின் சுபாவம். சலித்துக்கொள்ளாமல் படியுங்கள், பழகிய கதையில்தான் அது சொற்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. இடையில் நிறுத்தி, அந்த நரி ஏன் அப்படிச் செய்தது, அடுத்தபடி என்ன நடக்கும் என்று கேளுங்கள். விடை சரியா தப்பா என்று பரீட்சை வைக்காதீர்கள். படிக்கத் தெரியாத பெற்றோர், படத்தைப் பார்த்துத் தாமே கதை கட்டிச் சொல்லலாம். பிள்ளை தட்டுத்தடுமாறிப் படிப்பதை அருகிலிருந்து பொறுமையாகக் கேட்கலாம். அந்தக் கேட்டலுக்கு இருக்கும் வலிமை பெரிது. 2020-ல் பெருந்தொற்றினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, அதன் விளைவாக ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில், மாலை வேளைகளில் தம் தெருப் பிள்ளைகளைத் திண்ணையிலும் முற்றத்திலும் கூட்டிவைத்துப் படிக்கச் சொன்ன தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அக்கறையுள்ள ஓர் அயல்வீட்டுப் பெண் ஒரு குழந்தையின் படிப்புக்கு எவ்வளவு துணையாக முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். 1947-ல் தோன்றிய ‘அம்புலிமாமா’வைப் பக்கம் பக்கமாகப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும், அவருக்குப் பின் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் குழந்தையின் நாவுக்கு அடங்கும் சொற்களால் பாடல்கள் இயற்றித் தந்தார்கள். அவற்றை வாய்விட்டுப் பாடிப் பழகிய பிள்ளைக்கு எதுகையும் மோனையும் இயல்பாகவே வசமாகிவிடும். நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தைகளுக்கென்று மலிவான விலையில் வண்ணப்பட நூல்களைத் தமிழில் வெளியிட்டு வருகிறது. சென்னையில் துளிகா பதிப்பகம் அழகிய படக்கதைகளைத் தமிழிலும் தருகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் ‘ஸ்டோரிவீவர்’ என்னும் தளத்தில் படிநிலை வகுத்த கதைகளை இலவசமாகவே படிக்க வைத்திருக்கிறது. கைபேசியை அதற்குப் பயன்படுத்துங்கள், தடையில்லை. ஆனால் படிக்கும் குரல் உங்களுடையதாக இருக்கட்டும். இவையெதுவும் கிட்டாத ஊரிலும் கடைப்பலகையும் பேருந்தின் நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயரும் தீப்பெட்டியின் மேலட்டையும் இருக்கின்றன. குழந்தையின் பெயரில் உள்ள எழுத்து அவற்றில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொன்னால் தெருவே அதற்குப் பாடப்புத்தகமாகும்.

எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வயதில் எல்.கே.ஜி. வகுப்பில் சேர்த்து, நான்கு வயதுக்குள் கோடிட்ட நோட்டில் பக்கம் பக்கமாக ஒரே எழுத்தை எழுதி வரச்சொல்லும் பள்ளிகளை நல்ல பள்ளிகள் என்று பெற்றோர் கருதுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அந்த வயதில் விரல் தசைகள் பென்சிலைப் பிடிக்கும் பக்குவத்தை அடைவதில்லை; வலியோடு பிணைந்துவிட்ட எழுத்தின்மீது குழந்தைக்குப் பிரியம் எங்ஙனம் உண்டாகும்? விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதவைக்கும் நம் சம்பிரதாயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே உருவங்களைக் கற்றனர். பிழைத்தால் ஒரு தடவலில் அழிந்துவிடும், தண்டனைக்குச் சாட்சியம் மிஞ்சாது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். பெரிய பிள்ளைகளைக் கொண்டே சிறிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்து, 1797-ல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்திய மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவி, அதே கணத்தில் அதன் ஒலியை உச்சரிக்கும் முறையையே கைக்கொண்டார். கண், கை, காது மூன்றும் ஒருங்கே உழைக்கும் இந்த வழிக்கு மணலோ மாவோ போதும்.

உபாத்தியாயப் பெருமக்களே, உங்கள் சிரமத்தை நான் அறியாதவனல்லேன். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள். ஒரு பிள்ளைக்கு வாக்கியம் தெரியும், பக்கத்துப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. 2022-ல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் அடைந்த நிலைக்கேற்பப் பிரித்துப் போதிக்கச் சொல்கிறது. வயதை நோக்காமல் அறிந்ததை நோக்கும் அந்த அடிப்படை மிகச் சரியானது. அது பதிவேட்டிலும் கைபேசிச் செயலியிலும் நிரப்பும் வேலையாகத் தேய்ந்துவிடாமல் காப்பது மேலதிகாரிகளின் கடமை. உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: கூட்டமாகச் சொல்லவைப்பதைக் குறைத்து, வாரத்தில் ஒருமுறையாவது ஒவ்வொரு பிள்ளையும் தனியே, அதுவரை காணாத சிறு பத்தி ஒன்றை, உங்கள் காதருகே படிக்கச் செய்யுங்கள். யாருக்கு எங்கே தடுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். கொம்பிலா, உகரத்திலா, ஒற்றிலா என்று கண்டுகொண்டால் மறுநாள் எதைப் போதிப்பது என்பதில் ஐயம் இராது. எழுத்தெழுத்தாகத் தடவிப் படிக்கும் பிள்ளை, உள்ளங்கையில் நீரை ஏந்தி நடப்பவனைப் போன்றது. வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதற்சொற்கள் மனத்திலிருந்து ஒழுகிப்போயிருக்கும். அத்தகைய பிள்ளையிடம் பொருள் கேட்டு வருத்தாமல், அதே பத்தியை மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்பப் படிக்கவிட்டு, வேகம் வந்தபின் கேளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்திப் படிக்கச்சொல்லி நாணச் செய்வது ஒருபோதும் வேண்டாம்.

வீட்டில் தமிழன்றி வேறொன்றும் வழங்காத குழந்தையை, ஆங்கிலத்திலேயே முதன்முதல் படிக்கப் பழக்குவது குறித்தும் சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை. ஆங்கிலம் வேண்டும் என்ற உங்கள் விருப்பம் நியாயமானது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுத்து ஒலியாகி ஒலி பொருளாகும் அந்த முதல் அனுபவம், பொருள் தெரிந்த மொழியில்தான் நிகழ முடியும். யுனெஸ்கோ ஸ்தாபனம் 1953-லேயே வெளியிட்ட அறிக்கையில், தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே உகந்தது என்று வற்புறுத்தியிருக்கிறது. தமிழில் படிக்கும் இரகசியத்தைப் பெற்றுவிட்ட பிள்ளை அதனை ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்லும். இரண்டிலும் பொருளறியாமல் ஒலியை மட்டும் ஒப்பித்த பிள்ளைக்கு எடுத்துச் செல்ல ஏதும் இராது.

இவ்வளவும் செய்தும் பின்தங்கும் குழந்தை உண்டு. முதலில் அதன் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பலகையே தெரியாத பிள்ளையை மந்தம் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் வைதிருக்கிறோம். பார்வையும் கேள்வியும் அறிவும் குறைவின்றி இருந்தும் எழுத்தை ஒலியோடு இணைப்பதில் மட்டும் பெரிதும் இடர்ப்படும் குழந்தைகள் எந்த மொழியிலும் எந்தக் குலத்திலும் பிறக்கிறார்கள். டிஸ்லெக்ஸியா எனப்படும் இந்நிலை சோம்பலன்று, வளர்ப்பின் குறையுமன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்து அவர்களுக்கு உரிமை வழங்கியிருக்கிறது. நிதானமும் ஒழுங்கும் கூடிய ஒலிப்பயிற்சியினால் அவர்களும் படிக்கக் கற்கிறார்கள். காலம் கூடுதலாக வேண்டும், அவ்வளவே. அடியினால் யாருக்கும் எழுத்து வந்ததில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதனைத் தடுத்துமிருக்கிறது.

நிறைவாக, தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் அமர்ந்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். நூலக விஞ்ஞானத்தின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். அவருடைய முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டமே சுதந்திர இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. அந்த மாகாணத்தின் வழித்தோன்றலாகிய இம்மாநிலத்தில், அரசு அனுப்பிய படக்கதை நூல்கள் பல பள்ளிகளில், கிழிந்தால் யார் பதில் சொல்வது என்னும் அச்சத்தினால், பீரோவுக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. அந்தச் சாவியை ஒன்றாம் வகுப்பு உபாத்தியாயரின் கையில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொரு பிள்ளையும் தானே தேர்ந்தெடுத்த ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச்சென்று திங்கட்கிழமை கொண்டுவரட்டும். குழந்தையின் கையில் புத்தகம் கிழியத்தான் கிழியும். அதற்குக் கல்வி அலுவலர்கள் விளக்கம் கோராமல் கழிவுப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும், கிழிந்த ஏட்டை ஒட்டித்தரும் வேலையை ஊரார் எடுத்துக்கொள்ள வேண்டும். வருகிற மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுமாறு உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பிள்ளைகளின் நலம் நாடும்,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி உபாத்தியாயர் ஒருவர்.